ராமேஸ்வரத்தில் விட்ட வேட்டி

ஏங்க,

குக்கரில் சோறு இருக்கிறது. கருவாட்டுக் குழம்பைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். மதியம் ஒத்தக்கடையிலிருந்து உங்கள் அக்கா வந்து நான் எங்கே என்று கேட்டால் மழுப்ப வேண்டாம். கடலில் கிடக்கும் துணிகளை அள்ள எங்கள் குழுவோடு ராமேஸ்வரம் போயிருக்கிறேன்.

"வைகையிலயே தண்ணியக் காணோம், இவ கடலைக் காப்பாத்தப் போறாளாக்கும்" என்று நேற்றும் சிரித்தீர்கள். சிரியுங்கள்.

போன மாதம் அதே ராமேஸ்வரத்தில் உங்கள் அப்பா திதியில், முங்கி எழுந்து, பாவம் போகட்டும் என்று நீங்கள் கடலில் விட்ட வேட்டியை நான் இறங்கி இழுத்தேன். "அம்புட்டுப் பேரு முன்னாடி மானத்த வாங்கிட்டியேடி" என்றீர்கள். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். வேட்டியோடு யாரோ விட்ட சேலைகளும் சேர்ந்து வந்தன. உள்ளே ஒரு நண்டு செத்துக் கிடந்தது. நீங்கள் விட்ட பாவம் எங்கேயும் போகவில்லை, அதன் காலில்தான் சுற்றிக் கிடந்தது.

"போறதுன்னா சாவியக் குடுத்துட்டுப் போ" என்றும் நேற்றுச் சொன்னீர்கள். சாவி என் பையில் இருக்கிறது. ராத்திரி வந்துவிடுவேன்.

பாண்டீஸ்வரி

அப்புறம், அந்த வேட்டியைத் துவைத்துத் தேய்த்து பீரோவில் வைத்திருக்கிறேன். அடுத்த வருஷத் திதிக்கும் அதையே கட்டிக்கொள்ளுங்கள். விட்டால், மறுபடியும் இறங்குவேன்.