அம்மாவுக்கு வாங்கிய ஒயர் ஹெட்போன்

தறிச் சத்தத்துக்கு நடுவிலும் என் குரலைத் தவறவிடாத நைனாவுக்கு,

இறந்தவர்களுக்குக் காது கேட்குமா? எனக்குத் தெரியாது. கேட்கும் என்று சொல்பவர்களை நான் நம்பியதும் இல்லை. ஆனாலும் இந்தச் செய்தியை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜெயித்துவிட்டேன் நைனா.

நீங்கள் போன பிறகு அம்மாவை அம்மையார்குப்பத்திலிருந்து நான் வாடகைக்கு இருக்கும் திருத்தணிக்கே அழைத்து வந்துவிட்டேன். அவள் காதில் பாதியை உங்கள் பவர்லூம் தின்றுவிட்டது, மீதியை வயசு. சாயங்காலம் சீரியல் ஆரம்பித்தால் தெருமுனை வரை கேட்கும். மாடியில் வீட்டுக்காரரின் மகள் பிரசவத்துக்கு வந்து, கைக்குழந்தையோடு இருக்கிறாள். குழந்தை கண்ணை மூடும் நேரம் பார்த்து நம் டிவியில் ஒரு மாமியார் கத்துவாள்.

வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் இறங்கி வந்து, "கோவிச்சிக்காதீங்க மேடம். இப்டியே போய்கினு இருந்தா நீங்க வேற வீடு பாக்க வேண்டியதுதான்" என்றார். கல்லூரியில் நான் இன்னும் கௌரவ விரிவுரையாளர்தான். இந்த வாடகைக்கு இன்னொரு வீட்டை எங்கே தேடுவேன்?

காது மெஷின் என்றாலே அம்மா, "நான் இன்னா செவுடா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மிச்சம் இருந்த வழி ஹெட்போன். அதுவும் என் கைக்கு அடங்கும் விலையில். இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டவர்களில் ஒருவரும் சீரியல் பார்ப்பவராகத் தெரியவில்லை. எல்லோரும் பாட்டில் 'பாஸ்' அதிர்கிறது என்றே எழுதியிருந்தார்கள். அரைமனதோடு பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஒயர் இல்லாத ஒன்றை வாங்கி வந்து மாட்டினேன்.

அம்மா உடனே கழற்றிவிட்டாள். "இன்னாடி இது? வாயி முன்னால ஓடுது, பேச்சு பின்னால வருது. டப்பிங் படமா?"

நான் மாட்டிப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. பிறகுதான் உறைத்தது. அம்மா காதால் மட்டுமா கேட்கிறாள்? தறிக்கொட்டகையில் நீங்கள் இருவரும் உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும்தானே குடும்பம் நடத்தினீர்கள்! இரண்டு விரலைக் கத்தரி போல மூடினால் நூல் அறுந்தது. உள்ளங்கையை விரித்துக் காட்டினால், தறி ஓடுது, அப்புறம் வா. குரல் கண்ணிமைக்கும் நேரம் பிந்தினாலும் அந்தக் கண்களை ஏமாற்ற முடியுமா?

ஆக, ஒயர் வைத்ததுதான் வேண்டும். விலையும் குறைவு. கைப்பேசியில் ஒரு சீரியல் சண்டையைப் பதிவு செய்துகொண்டு மறுபடி அதே கடைக்குப் போனேன்.

"இது எடுத்துக்கோங்க மேடம், பாஸ் சும்மா அதிரும்" என்றார் கடைக்காரர்.

"அதிர வேணாங்க. பேச்சு புரிஞ்சா போதும்."

ஒவ்வொன்றிலும் அந்த மாமியாரையும் மருமகளையும் மோதவிட்டேன். பலவற்றில் இரண்டு பேரும் பானைக்குள் உட்கார்ந்து பேசினார்கள். மூலையில் தூசி படிந்து கிடந்த ஒன்றில் மட்டும், மருமகள் மூக்கை உறிஞ்சியதுகூடக் கேட்டது. நம்பாமல் கடைக்காரரையும் மாட்டிக் கேட்கச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்பறம் இன்னா ஆச்சி மேடம்?" என்றார். அதைவிட நல்ல மதிப்புரை எனக்குத் தேவைப்படவில்லை. பழையதை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார். கொஞ்சம் முணுமுணுத்தார், அவ்வளவுதான்.

டிவியில் ஒயரைச் செருகியதும் வீடு அமைதியாகிவிட்டது. அம்மா வெகுநேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "இவ மெதுவாத்தான்டி பேசுறா. இத்தினி நாளா கத்துறானு நெனச்சிகினு இருந்தேன்."

அம்மாவின் காதுக்கும் உலகத்துக்கும் நடுவில் ஒரு ஒயராவது எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். இது அறுந்தால் இன்னொன்று வாங்குவேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். சீரியல் நேரத்தில் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். முகம் வெளுத்திருந்தது. "ஒரு சத்தமும் இல்லியே மேடம், அம்மா நல்லாக்கீறாங்களா?" என்று எட்டிப் பார்த்தார். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே உள்ளங்கையை விரித்து அவருக்குக் காட்டினாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார்.

"தறி ஓடுதாம். அப்புறம் வரச் சொல்றாங்க" என்றேன்.

உங்கள் கையசைவுகள் எதையும் மறக்காத,
மூத்த மகள்