சோளக்காட்டில் வழி தவறியது

அன்புள்ள வில்மா,

முழங்கால் வலி குறைந்ததா? இங்கே லோர்னாவும் பேரப்பிள்ளைகளும் நலம். நானும் நலமென்றே நினைக்கிறேன்.

சனிக்கிழமை ஒரு பண்ணைக்குப் பூசணி பறிக்கப் போனோம். காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோதே பேரன் ஓட்டிஸ் காம்பை ஒடித்துவிட்டான். லோர்னா காபி வாங்கப் போனாள். நான் பிள்ளைகளைச் சோளக்காட்டில் விளையாட்டுக்காக வெட்டியிருந்த புதிர்ப்பாதைக்குள் கூட்டிப்போனேன். முறையாக வலப்பக்கமே திரும்பியும், அதே வைக்கோல் பொம்மையின் முன்னால்தான் வந்து நின்றோம். வழி தவறினால் உயர்த்திக் காட்ட ஒரு நீளக் கொடி தந்திருந்தார்கள். எனக்குக் கூச்சம்.

"தாத்தா, தொலைஞ்சுட்டோமா?" என்றாள் ஹேஸல்.

"இல்லம்மா, யோசிக்கிறேன்."

"ரொம்ப நேரமா யோசிக்கிறீங்க. கொடியைத் தூக்குங்க, எனக்கு ஒண்ணுக்கு வருது."

தூக்கினேன். பண்ணைக்காரப் பெண் வந்து, "பெரியவரே, வாசல் உங்க முதுகுக்குப் பின்னாடிதான் இருக்கு" என்று சிரித்தாள்.

திரும்பும்போது காரில் லோர்னா, "பிள்ளைங்க உங்ககிட்ட ஒட்டிக்கிட்டாங்கப்பா. பனி உருகுற வரைக்கும் இருந்துடுங்க, நானும் நிம்மதியா வேலைக்குப் போவேன்" என்றாள். ஒரு மாதத்துக்கென்று வந்தவன் நான். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சரி என்று வந்துவிட்டது.

என் குளிர்காலக் கோட்டை அனுப்பும்படி உன்னிடம் கேட்பாள். அனுப்பாதே. விறகு பிளக்க ஆளில்லை, அப்பாவை உடனே அனுப்பு என்று அவளிடம் நீயே சொல்லிவிடு. நீ தனியாகவே சமாளிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்.

பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள், கூப்பிடுகிறார்கள்.

உன்
ஆர்லோ