பெயர் போடாத குடைக் கதை

என் ஜெயாவுக்கு,

போன இடத்திலாவது கொஞ்ச நேரம் பொறுமையாக உட்கார்ந்து கேள். குறுக்கே பேசாதே.

நீ போன அன்றுகூட நான் அழவில்லை. சனிக்கிழமை என்னோடு பஸ்ஸில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவள், செவ்வாய்க்கிழமை நெஞ்சு வலிக்கிறது என்று படுத்து எழுந்திருக்கவில்லை என்றால் யாருக்கு உறைக்கும்? அன்று மரக்கட்டை மாதிரி நின்றிருந்தேன். இன்று மாலை உன் வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்துதான் இந்த அழுகை.

உன் வீட்டுக்காரர் போன் செய்தார். "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க மல்லிகா, உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்" என்றார். உன் புடவைகளை யாருக்குக் கொடுப்பது என்று கேட்பார், அந்த மாம்பழ நிறப் பட்டுப் புடவையை நான் எடுத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். என் புத்தி உனக்குத் தெரியாதா?

மேஜை மேல் ஒரு கத்தைக் காகிதம் இருந்தது. நாம் கதை எழுதிப் போடும் இணையப் பக்கம் முழுவதையும் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு அது எப்படித் தெரியும்? நீ சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உங்கள் தெருமுனையில், நீ போய் டைப் அடிப்பாயே, அந்த பிரௌசிங் சென்டர்காரர் சொன்னாராம். "சார், மேடம் எழுதுனது எல்லாம் இங்கதான் கீது, பாக்கறீங்களா?" என்று கூப்பிட்டு உட்கார வைத்துத் திறந்து காட்டியிருக்கிறார். மவுஸைத் தொட்டறியாத மனிதர், ஒரு வாரமாகத் தினமும் அங்கே போய் உட்கார்ந்து படித்திருக்கிறார்.

"எதெது அவ எழுதினதுன்னு போடவே இல்லையே" என்றார்.

எப்படிப் போடுவோம்? நீ போட விட்டால்தானே. தி.நகரில் பத்மா வீட்டு மாடியில் நாம் ஐந்து பெண்கள் கூடிய முதல் சனிக்கிழமையே நீ வைத்த சட்டம் அது. கதைகளை மஞ்சள் பையில் போட வேண்டும், ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி எடுத்துப் படிக்க வேண்டும், யாருடையது என்று கேட்கக் கூடாது. கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் இருக்கும் பத்மா இலவசமாக ஒரு பக்கம் கிடைக்கிறது என்று இன்டர்நெட்டில் ஆரம்பித்துக் கொடுத்தபோதும் அதே பிடிவாதம். "பேர் இல்லாம போட்டா யாரோடதுன்னு எப்படித் தெரியும்?" என்று அவள் கேட்டாள். "தெரிய வேணாம். பேரைப் போட்டா வீட்டுக்குப் பயந்துதான் எழுதுவோம்" என்றாய். நமக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. நீயும் நானும் மட்டும் திரும்பி வரும் பஸ்ஸில் எந்தக் கதை யாருடையது என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொள்வோம்.

"ஆனா நான் கண்டுபிடிச்சிட்டேன்" என்றார் அவர். கத்தையிலிருந்து ஒரு கதையை உருவி என் முன்னால் வைத்தார். "இதுதான் அவளோடது."

'வெறும் தட்டு.'

ஜெயா, உனக்குத் தெரியும் அந்தக் கதை. சாப்பிடும்போது பேப்பரிலிருந்து தலை தூக்காத புருஷன். ஒரு நாள் மனைவி வெறும் தட்டை வைத்துவிட்டு எதிரே நிற்கிறாள். அவன் கை தட்டைத் துழாவிக்கொண்டே இருக்கிறது, கண் பேப்பரில் இருக்கிறது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறாள். அது என் கதை. என் வீட்டில், என் சேகருக்கு நான் வைத்த தட்டு. செருப்பு மட்டும்தான் கற்பனை.

"நானும் பேப்பர் பாத்துக்கிட்டே சாப்பிட்டிருக்கேன் மல்லிகா. எல்லா வீட்லயும் நடக்கறதுதானேன்னு இருந்துட்டேன். அவ மனசுல இவ்வளவு இருந்திருக்கு. ஒரு வார்த்தை சொல்லலையே." பேப்பர் போடுகிறவரை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். சாப்பாடே இறங்குவதில்லையாம். பாதி ஆளாகிவிட்டார், நீ பார்த்தால் அடையாளம் தெரியாது.

நான் மெதுவாகக் கேட்டேன். "மத்ததெல்லாம் படிச்சீங்களா சார்? அந்தக் குடைக் கதை?"

"படிச்சேன். அது யாரோ கொடுத்து வச்சவங்க எழுதினது" என்றார். சொல்லிவிட்டு, அந்தத் தாளைக் கத்தையின் அடியில் செருகினார்.

அடிப்பாவி ஜெயா! இதற்கா சட்டம் போட்டாய்?

அந்தக் கதையை நீ என்னிடம் சொன்ன மாலை நினைவிருக்கிறதா? மழை நாளில் ஒரு மனிதன் பஸ் ஸ்டாப்பில் மனைவிக்காகக் காத்திருப்பான். வந்ததும் ஒன்றும் பேசாமல் முன்னால் நடப்பான். ஆனால் குடையைப் பின்பக்கம் சாய்த்துப் பிடித்திருப்பான், அவள் மேல் ஒரு சொட்டு விழாது. வீடு போய்ச் சேரும்போது அவன் மார்பெல்லாம் நனைந்திருக்கும். அவ்வளவுதான் கதை. "இப்படி ஒரு மனுஷன் எந்த ஊர்லடி இருக்கான், கதை விடாதே" என்று நான் அடித்துப் பேசினேன்.

நீ சிரித்தாய். "எங்க வீட்லதான் இருக்காரு. அவருக்கே தெரியாது. சொன்னா கூச்சப்பட்டு நிறுத்திடுவாரு, அதான் சொல்லல."

நான் எப்போதும் லஸ்ஸிலேயே இறங்கிவிடுவேன், நீ மந்தைவெளி வரை போவாய். அதனால் அதை நான் கண்ணால் பார்த்ததில்லை. நீ சும்மா பெருமை அடித்துக்கொள்கிறாய் என்றே வைத்திருந்தேன். எனக்குப் பொறாமை, அதுதான் உண்மை.

உண்மையை அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அது என் கதை என்று சொன்னால் அந்தப் புருஷன் சேகர் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அவரும் சேகரும் தினமும் காலையில் கடற்கரையில் ஒன்றாக நடக்கிறவர்கள். சேகர் இன்னும் நான் சனிக்கிழமைகளில் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். என் வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். போய் வருகிறேன் சார் என்று எழுந்துவிட்டேன்.

வாசலுக்கு வந்தால் மழை பிடித்துக்கொண்டது. "இருங்க, பஸ் ஸ்டாப் வரைக்கும் வரேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்றும் பேசவில்லை. எனக்கு முன்னால் நடந்தார்.

ஜெயா, குடை என் தலைக்கு மேல் இருந்தது. கையைப் பின்னால் வளைத்து அப்படியே பிடித்துக்கொண்டு வந்தார். பஸ் வந்ததும் திரும்பினார், சட்டை முன்பக்கம் ஒட்டப் பிழியலாம். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. "பாத்துப் போங்க" என்றார். நான் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்காமலே போய்விட்டார்.

எவ்வளவு பெரிய அநியாயம் இது? நீ இத்தனை வருஷம் வைத்துக்கொண்டு மகிழ்ந்ததை யாரோ ஒருத்தியுடையது என்று ஒதுக்கிவிட்டு, என் வீட்டு எரிச்சலை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறார் அந்த மனிதர். அந்தக் கதை உன்னுடையது என்று தெரிந்தவள் இப்போது இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். நானும் வாயை மூடிக்கொண்டால்?

அதனால் உன் சட்டத்தை உடைக்கப் போகிறேன். திட்டுவதானால் திட்டிக்கொள். இந்தக் கடிதத்தை நம் பக்கத்திலேயே போடப் போகிறேன். அதற்கு முன்னால், இன்று சேகர் சாப்பிட உட்காரும்போது பேப்பரை வாங்கி மடித்து வைத்துவிட்டு, இதை நானே அவருக்குப் படித்துக் காட்டுவேன். பயமாகத்தான் இருக்கிறது. கத்தினால் கத்தட்டும். தட்டில் சோறு இருக்கும், கவலைப்படாதே.

நாளைக்கு மந்தைவெளிக்கு வந்து உன் வீட்டுக்காரரைக் கையோடு அந்த சென்டருக்குக் கூட்டிப்போவேன். குடைக் கதையின் கீழே 'ஜெயா' என்று அவரையே டைப் அடிக்க வைப்பேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பார், எவ்வளவு நேரமானாலும் பக்கத்தில் நிற்பேன். அதற்கப்புறம் கூச்சப்பட்டு அவர் மழையில் எப்படி நடந்தாலும் சரி, அது உன் பாடு, அவர் பாடு.

அக்கா என்று கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும். "நான் என்ன கிழவியா?" என்பாய். இப்போது யார் தடுப்பது? நம் பக்கத்தில் முதன்முதலாக ஒரு பெயர் விழுகிறது, பார்த்துக்கொள் அக்கா.

'வெறும் தட்டு' எழுதிய உன் தங்கை,
மல்லிகா