ஜிம்மின் எதிர் மூலை

அயோவா, செவ்வாய்

அன்புள்ளவளே,

நேற்று பள்ளி ஜிம்மில் நம் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க, அவரவருக்குப் பிடித்தவரின் மூலையில் நின்றோமே, என் செனட்டருக்கு ஆள் போதவில்லை. கலைந்து வேறு மூலைக்குப் போகச் சொன்னார்கள்.

கவர்னரின் மூலையிலிருந்து வெர்லின் குக்கீத் தட்டோடு வந்தான். "உன் செனட்டர் கிழவரை விடுப்பா. பெரிய தலைங்க எல்லாம் எங்க கவர்னர் பக்கம்தான்."

உன் வேட்பாளரான அந்தப் புரட்சிக்காரியின் மூலையிலிருந்து மார்லிஸ் கத்தினாள். "பெரிய தலைங்க உனக்கு என்னத்தக் கிழிச்சாங்க? இங்க வாய்யா!"

நீ அவள் பக்கத்தில்தான் நின்றாய். நீ உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்ட பிறகு நேற்றுதான் உன்னைப் பார்த்தேன். நீ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சூப்பைச் சூடாக்கிக் குடித்தேன்.

உன் வேட்பாளரை எனக்கு இப்போதும் பிடிக்காது. நீ ஒருமுறை கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன்.

அதே வீட்டிலிருந்து,
உன் கணவன்