படித்தேன் என்று போன பதில்

அக்டோபர் 14, செவ்வாய்

கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டது. கோலாலம்பூர், ஜொகூர் என்று போய்விட்ட பிள்ளைகள் ஈப்போ பக்கம் இருக்கிற தாய் தகப்பன் கல்லறையை நினைக்கிற மாதம். அவர்கள் ஈமெயில் போட்டால் தம்பி எரிக் போய்ப் புல் வெட்டி, சுண்ணாம்பு அடித்து, படம் எடுத்து அனுப்புவான். விளம்பரமும் ஈமெயிலும் என் பாடு. பகலெல்லாம் கிளினிக்கில் வேலை, எத்தனை பேருக்குத்தான் உட்கார்ந்து பதில் எழுதுவேன்? அதனால் தானாகப் போகிற பதில் ஒன்று போட்டுவிட்டேன். யார் எழுதினாலும் அடுத்த நிமிடம் போகும்: “உங்கள் கடிதத்தைப் படித்தேன். சொன்னபடியே செய்து வைக்கிறோம். கவலை வேண்டாம். அன்புடன், ஜூடித்.”

“படிக்காமலே படிச்சேன்னு போடுறியேக்கா,” என்றான் எரிக். சும்மா இரு லா என்றேன். பதில் தாமதமானால் ஆள் வேறு இடம் பார்த்துவிடுவார்கள்.

அக்டோபர் 19, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து துணி துவைத்ததோடு சரி. ஈமெயில் குவிந்து கிடக்கிறது. பெயரையும் இடத்தையும் மட்டும் பார்த்து எரிக்குக்கு அனுப்பினேன். முழுசாக நாளைக்குப் படிக்கலாம்.

அக்டோபர் 25, சனி

கோப்பெங் பக்கம் பழைய எஸ்டேட் இடுகாட்டை எரிக் முடித்துவிட்டான். ஆள் உயர லாலாங் புல் நின்ற இடம், படத்தில் பந்து விளையாடும் திடல் மாதிரி இருக்கிறது. முகநூலில் போட்டேன். நிறையப் பாராட்டு. எனக்கும் பெருமைதான்.

அக்டோபர் 27, திங்கள்

இன்றைக்குத்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். ஏன் இன்றைக்கு? ஏன் பத்து நாளைக்கு முன்னால் இல்லை?

லூமுட்டிலிருந்து ரோசம்மா என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார். “என் மூத்த பிள்ளை பெர்னார்ட். மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டான். கோப்பெங் எஸ்டேட் இடுகாட்டில்தான் புதைத்தோம். மரச் சிலுவைதான் வைக்க முடிந்தது. உளுத்துப்போய்ப் பேர் அழிந்துவிட்டது. அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அது ஒன்றுதான் அடையாளம். திருநாளுக்குச் சின்னவன் கால்வினோடு கல் கொண்டு வருகிறேன்.”

அதற்குக் கீழே என் பதில். படித்தேன், கவலை வேண்டாம். அதற்குக் கீழே மறுபடி அந்த அம்மா: “படித்தேன் என்று சொன்னாயே, இப்போதுதான் நிம்மதி. கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார்.” அதற்கும் அதே பதில் போயிருக்கிறது.

எரிக்கைக் கேட்டேன். “பெர்னார்ட்னு பேர் போட்ட கல்லே இல்லக்கா, அதான் எல்லா எடத்தையும் வெட்டினேன். உளுத்த கட்டை நாலஞ்சு கெடந்துச்சு, புல்லோட சேத்து எரிச்சுட்டேன். நீ ஒண்ணும் சொல்லலியே.”

நான் ஒண்ணும் சொல்லலதான்.

அக்டோபர் 28, செவ்வாய்

லீவு போட்டு எரிக்கோடு போய்ப் பார்த்தேன். சின்ன மேடெல்லாம் சமமாகிவிட்டது. சாம்பல் கிடக்கிறது. இங்கேயா, அங்கேயா? அவனுக்கும் தெரியவில்லை. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். தம்பி தலைகுனிந்து நின்றான், செய்தது நான்.

அக்டோபர் 30, வியாழன்

அந்த அம்மாவுக்கு இன்னும் போன் போடவில்லை. “புதுசா ஒரு சிலுவை நட்டுடுவோம், யாருக்குத் தெரியும்?” என்றான் எரிக். திட்ட வேண்டியவள் நான். எந்த இடத்தில் நடலாம் என்று கேட்டேன். சீ, நானும் ஒரு மனுஷியா?

அக்டோபர் 31, வெள்ளி

ரோசம்மா ஆன்ட்டிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

“நீ படிச்சேன்னு போட்டிருந்தியேம்மா?”

“அது மெஷின் தானா அனுப்புறது ஆன்ட்டி.”

“உன் பேரு இருந்துச்சே.”

மன்னிச்சிடுங்க ஆன்ட்டின்னேன். போனை வச்சுட்டாங்க. கத்தியிருக்கலாம். வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கலாம்லா.

நவம்பர் 2, ஞாயிறு

வந்தார்கள். கால்வின் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த அம்மா முட்டிக்கால் வலியோடு இடுகாடு முழுக்க மெதுவாக நடந்தார். ஓரிடத்தில் நிற்பார், காலால் மண்ணைத் தடவுவார், இல்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார். மெழுகுவர்த்தியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு செபம் சொன்னார். கீழே ஊன்றவில்லை, எங்கே ஊன்றுவார்?

கல்லைக் காரிலிருந்து இறக்கவே இல்லை. அப்படியே லூமுட்டுக்குத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

நவம்பர் 4, செவ்வாய்

பதிலை மாற்றிவிட்டேன். “இது தானாகப் போகும் பதில். உங்கள் கடிதத்தை இன்னும் யாரும் படிக்கவில்லை. படித்ததும் நானே எழுதுவேன். அதுவரை கல்லறையில் எதையும் தொட மாட்டோம்.” இதைப் பார்த்தால் எவன் வருவான் என்கிறான் எரிக். வராவிட்டால் போகட்டும்.

நவம்பர் 6, வியாழன்

ரோசம்மா ஆன்ட்டிக்கு எழுதினேன். எழுதி எழுதி அழித்தேன். பெர்னார்ட் பேரைச் சொல்லி, நான் செய்ததை ஒளிக்காமல் சொல்லி, ஒவ்வொரு வார்த்தையும் நானே எழுதினேன். அழுதுகொண்டேதான் அனுப்பினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பதில் வந்திருக்கிறது. ஒரே வரி.

“உங்கள் மெஷின் நன்றாகத்தான் எழுதுகிறது அம்மா.”

கோபமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். இல்ல ஆன்ட்டி, நான்தான்னு அடிச்சேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன். அதையும் மெஷின்தான் சொல்லுதுன்னு நினைப்பாங்க.

எரிக்கிடம் கார் கேட்டிருக்கிறேன். விடிந்ததும் லூமுட்டுக்குப் போகிறேன்.