உடைந்த வரப்புக்கு ஒரு விருது

வியாழன் இரவு, பாபநாசம்.

குறுந்தொடர் பிரிவில் சிறந்த ஒளிப்பதிவு விருது எனக்கு. நடுவர்கள் புகழ்ந்த காட்சியை அக்கா வீட்டு டிவியில் போட்டுக் காட்டினேன். அவர்கள் வயலில் எடுத்ததுதான். விடியற்காலையில் வரப்பு உடைந்து, தண்ணீர் மின்னிக்கொண்டே பக்கத்து வயலுக்கு ஓடும்.

"நிறுத்தும்மா," என்றார் அத்தான். டிவிக்கு அருகில் போய் நின்றார். "மறுபடி போடு."

வரப்பில் ஒரு நண்டு வளை. அதில் தண்ணீர் கசிந்து, மண் கரைந்து, தானாக உடைகிறது. பக்கத்தில் ஆளே இல்லை.

எத்தனையோ முறை பார்த்த காட்சி. வெளிச்சத்தைத் தவிர நான் எதையும் கவனித்ததில்லை. அன்று அந்த வரப்பைப் பக்கத்து வயல் கணேசன்தான் மண்வெட்டியால் வெட்டிவிட்டார் என்று அத்தான் ஊரெல்லாம் சொன்னார். அதோடு பேச்சு நின்றது. கணேசன் தன் பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தும் அத்தான் போகவில்லை.

அத்தான் சட்டையை மாட்டினார்.

"சாப்பிட்டுட்டுப் போங்களேன்," என்றாள் அக்கா.

"வந்து சாப்பிடுறேன்."

இப்போதுதான் அத்தானிடமிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. "எனக்கு எடுத்து வைக்காதே. கணேசன் வீட்லயே சாப்பிட்டேன்."

என் விருதைப் பற்றி மனுஷர் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகட்டும்.