படையலில் வைத்த கியர் சைக்கிள்

மேட்டில் ஏறும்போதும் பாட்டு முணுமுணுத்த என் செல்ல மாப்ள ஏழுமலைக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொல்லியிருந்தேன். நீ போன மறு வாரமே மானாம்பதி கூட்டுரோட்டு டீக்கடையில், நாலு பேர் காதுபடச் சொன்னேன். "என் மாப்ள சைக்கிள் மறுபடியும் மொட்டை மலை ஏறும். ஏத்தப் போறது நான்தான்." அன்றைக்குச் சிரித்தவன் எல்லாம் இன்றைக்கு என்னைப் பார்த்தால் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறான். எல்லாரும் இல்லை, ரெண்டு பேர். அதில் ஒருத்தர் கடைக்காரர், அவர் எப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பார். அதை விடு.

ஊர்ச் சமாச்சாரம் சொல்லிவிடுகிறேன். போன மழைக்கு நம்ம ஏரி நிரம்பி வழிஞ்சு கோடி போச்சு. உன் பொண்ணு ரேவதி ஒரகடம் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆயிட்டாள். உன் பொண்டாட்டி, அதாவது என் தங்கச்சி கஸ்தூரி, நல்லா இருக்கிறாள். என்னைத் தெருவில் நிற்க வைத்துத் திட்டுகிற அளவுக்கு நல்லா இருக்கிறாள்.

நாம ரெண்டு பேரும் ஒரே நாளில் சைக்கிள் வாங்கியது ஞாபகம் இருக்குதா? ஊர் மாறிப் போன உன் கம்பெனிக்காரர் ஒருவர் ரெண்டையும் நம் தலையில் கட்டிவிட்டுப் போனார். தடித் தடியாய் டயர், முன்னால் ஷாக், டிஸ்க் பிரேக். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏரிக்கரை, குவாரிப் பாதை, கடைசியில் மொட்டை மலை. அப்புறம் நான் மனை புரோக்கர் ஆனேன். உட்கார்ந்து பேசுகிற தொழில். பேசப் பேசப் பிரியாணி வந்தது, பிரியாணி வர வரத் தொப்பை வந்தது. என் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். நீ மட்டும் ஓட்டிக்கொண்டே இருந்தாய். கடைசியில் உன்னைக் கொண்டுபோனது மலையும் இல்லை, மேடும் இல்லை, ஒரு மஞ்சள் காமாலை. இது எந்த ஊர் நியாயம், சொல்லு?

தை மாசம் உனக்கு வருஷப் படையல் போட்டோம். இலையில் கருவாட்டுக் குழம்பு, வடை, அவித்த முட்டை, பக்கத்தில் புது வேட்டி, பீடிக் கட்டு. பார்த்தேன். என் மாப்ளைக்கு இது போதுமா? நேராக மாட்டுக் கொட்டாய்க்குப் போய் உன் சைக்கிளை ஒத்தக் கையால் தூக்கிக்கொண்டு வந்தேன். (ரெண்டு கை.) கழுவி, ஹேண்டில்பாருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, உன் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். வந்திருந்த சனம் எல்லாம் வாயைப் பிளந்தது.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கற்பூரம் காட்டி முடிந்ததும் முனுசாமி பெரிப்பா தொண்டையைக் கனைத்தார்.

"டேய் கோதண்டம், படையல்ல வெச்ச வேட்டிய இன்னாடா பண்ணுவோம்?"

"இது இன்னா கேள்வி பெரிப்பா? மச்சான்காரன் கட்டிக்குவான். நான்தான் கட்டிக்கப் போறேன்."

"அப்ப படையல்ல வெச்ச சைக்கிள?"

மாலை கோணலாக இருக்குது என்று சைக்கிள் பக்கம் குனிந்துகொண்டேன். பெரிப்பா விடவில்லை.

"கட்டாத வேட்டியும் ஓட்டாத சைக்கிளும் ஒன்னுதான்டா. செத்தவனுக்குப் போய்ச் சேராது. தெருவுல ஓட்டுனா பத்தாது, அவன் எங்க ஓட்டுனானோ அங்க ஓட்டணும்."

எல்லாரும் சிரித்தார்கள். கஸ்தூரி சிரிக்கவில்லை. இலையை எடுத்துக்கொண்டே சொன்னாள். "ஓட்டுண்ணா. அது கொட்டாயில சாஞ்சிக்கினு நிக்கறத பாத்தா அவரே நிக்கற மாறி கீது. மாட்டுக்குத் தண்ணி காட்ட உள்ள போவ முடியல. ஆடிக் கிருத்திகைக்குள்ள நீ அத மலைக்கு ஏத்து. இல்லாட்டி பழைய இரும்புக்குப் போட்டுடுறேன். ரெண்டுல ஒன்னு ஆவணும் எனக்கு."

அவள் அப்படிச் சொன்ன பிறகு நான் என்ன செய்வது? "இவ்ளோதானா? நாளைக்கே ஏத்தறேன்" என்றேன். அன்றைக்கு என் எடை நூறு கிலோவும் சொச்சமும். அந்தச் சொச்சம் எனக்கும் ரைஸ் மில் தராசுக்கும் நடுவில் இருக்கட்டும்.

மறுநாள் காலையில் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் வரைக்கும் போனேன். சீட் என் கனத்துக்கு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. பிள்ளையாரை அடையும்போது என் முட்டி மீசையைத் தொட்டது. பின்சக்கரத்தில் டிங் என்று ஒரு சத்தம், ஒரு கம்பி போச்சு. சிறுபாலத்துக் கட்டையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன் பார், அந்தக் காத்துக்கு எதிர்த்த வூட்டுத் துணியெல்லாம் காய்ந்துபோச்சு.

நூறு நாள் வேலைக்குப் போன பொம்பளைங்க நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இன்னாண்ணா, நீ சைக்கிள ஓட்டறியா, சைக்கிள் உன்ன ஓட்டுதா?"

"கியர் வண்டிம்மா. சூடு ஏறணும்" என்றேன். சூடு ஏறியது எனக்குத்தான்.

உத்திரமேரூர் பஜாரில் சைக்கிள் கடை பாயிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் மேலிருந்து கீழே பார்த்தார். "வண்டிக்கு ஒரு பேஜாரும் இல்ல நைனா. கம்பி கெட்டியாப் போட்டுத் தரேன். காத்து மட்டும் தினம் பாத்துக்கோ. கம்மியா இருந்தா கல்லு மேல ஏறும்போது ரிம்மு டியூப்பக் கடிச்சிடும். உனக்கு ரெண்டு ஆளுக் காத்து வேணும்." ஊரில் நான் இதை வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன். ரேஸ்காரனுக்குப் போடுகிற ஸ்போக், மெட்ராஸில் சொல்லி வரவழைத்தது என்று.

அப்புறம் தினமும் ஏரிக்கரை. முதலில் பெரிய மதகு வரைக்கும் போவேன், அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். கொஞ்ச நாளில் அதைத் தாண்டிச் சின்ன மதகு. பங்குனி வெயிலுக்குள் ஏரித் தண்ணி வழிகிற கலங்கல் வரைக்கும் போய்த் திரும்பினேன். சீட்டில் உட்கார்ந்த வலியில் ஒரு வாரம் சோற்றை நின்றுகொண்டே தின்றேன். தொப்பை தொடையில் இடித்தது. முட்டியை வெளியே தள்ளித் தவளை மாதிரி மிதித்தேன். தொப்பைக்கு நாம் வழி விட்டால் தொப்பையும் நமக்கு வழி விடும் மாப்ள, இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. நாஷ்டாவுக்கு இட்லியைக் குறைத்தேன். தோசையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் அதைத் தொடவில்லை. அதாவது, குறைக்கவில்லை.

ஆனி மாசம் குவாரிப் பாதையில் சரளை வழுக்கி, கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தேன். முட்டி வீங்கிப்போச்சு. வண்டியைக் கஸ்தூரி வூட்டிலேயே விட்டுவிட்டு, கட்டிலில் படுத்துக்கொண்டு உனக்கு நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன். வயசாச்சு மாப்ள, ஏரிக்கரையே போதும் மாப்ள, பெரிப்பா சொன்னதெல்லாம் சாஸ்திரமா என்று. நீ பதில் பேசவில்லை. உயிரோடு இருந்தபோதும் என் நியாயத்துக்கு நீ பதில் பேசியதில்லை, ஹேண்டில்பாரைத் தட்டிக் காட்டுவாய், அவ்வளவுதான்.

ஒரு காலையில் தெருவில் ஒலிபெருக்கி கேட்டது. பழைய இரும்பு, ஈயம், பித்தளை. எழுந்து ஓடினேன். வீங்கிய முட்டியோடு ஓடினேன், இதில் ஒரு சொல் கூட மிகை இல்லை. கஸ்தூரி வூட்டு வாசலில் டெம்போ. அவள் சைக்கிளை வாசல் வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் சீட்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"கிருத்திகைக்கு இன்னும் நாள் கீதும்மா" என்றேன்.

"நாள் கீது. நீதான் வர்ல."

டெம்போக்காரன் சலித்துக்கொண்டான். "இன்னாக்கா, ஏத்தவா வேணாவா? வெயில் ஏறுது."

அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். உன் படத்தை மாட்டின நாளில் பார்த்தாளே, அதே பார்வை. ஹேண்டில்பாரைப் பிடுங்கி, அங்கேயே ஏறி, வலியோடு மிதித்துக்கொண்டு கிளம்பினேன். பின்னால் அவள் அவனைத் திட்டுவது கேட்டது. "போய்யா, வூட்டுச் சாமான வந்து கேட்டுக்கினு." கூப்பிட்டதே அவள்தான், பாவம் அந்த ஆள்.

கிருத்திகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மலை அடிவாரத்துக்குப் போனோம். மேலே முருகன் கோயிலுக்குக் கல்லும் மணலும் ஏற்றப் போட்ட அதே டிராக்டர் பாதைதான், மழை அறுத்து இன்னும் மோசம். கஸ்தூரி தூக்கில் கூழ் எடுத்துக்கொண்டு வந்து புங்க மரத்தடியில் நின்றாள். மலை ஏற நீ போட்டு வைத்த சட்டத்தை அவளுக்கு எடுத்துச் சொன்னேன். நிற்கலாம், கால் ஊன்றலாம், எவ்வளவு வேண்டுமானாலும் மூச்சு வாங்கலாம். தள்ளக் கூடாது. நின்ற இடத்திலிருந்து மிதித்துத்தான் ஏறணும்.

ஏறினேன். முதல் மேட்டிலேயே நாக்கு வெளியே வந்தது. நின்றேன். மறுபடி கிளம்பினால் முன்சக்கரம் குதிரை மாதிரி எழும்புகிறது. "மூக்க ஹேண்டில்பாருக்குக் குடு மச்சான், எழுந்திரிக்காத, உக்காந்து மிதி" என்று நீ கத்துவாயே, அந்தக் குரல் கேட்டது. மூக்கைக் கொடுத்தேன். புளியமரத்துத் திருப்பத்தில் மொத்தமும் சரளை. அங்கே மேலே பார்த்துக் கிளம்பவே முடியவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது. வண்டியைப் பாதைக்குக் குறுக்கே திருப்பி வைத்து, ரெண்டு மிதி மிதித்துவிட்டு, பிறகு மேட்டுக்குத் திருப்பணும். நீ சொல்லிக்கொடுத்தபோது நான் கவனிக்கவே இல்லையே, அது எப்படி என் காலுக்குத் தெரிந்தது?

எத்தனை தடவை நின்றேன் என்று எண்ணவில்லை. ஒரு தடவைகூடத் தள்ளவில்லை. மேலே படிக்கட்டுக் கழுவிக்கொண்டிருந்த பூசாரி வாளியைக் கீழே வைத்துவிட்டார். "அட, ஏழுமலை வண்டி ஆச்சே இது" என்று சொல்லி, முதலில் சைக்கிளுக்கு விபூதி வைத்தார், அப்புறம்தான் எனக்கு. அந்த மரியாதையில் எனக்குக் குறை இல்லை. அங்கே நின்று உன் பேரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். செய்யாற்று மணல் தெரிந்தது, காஞ்சிபுரத்துக் கோபுரம் எல்லாம் தெரிந்தது, இன்னும் கொஞ்சம் கண்ணைச் சுருக்கியிருந்தால் மெட்ராஸ் கடலே தெரிந்திருக்கும்.

இறங்கினேன் பார், அதுதான் இறக்கம். பிரேக்கைத் தொடவில்லை. புளியமரத்துத் திருப்பத்தில் ரெண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பியது. ஆட்டு மந்தை ரெண்டாகப் பிளந்து வழி விட்டது. கஸ்தூரிக்கு முன்னால் வந்து சர்ரென்று திருப்பி நிறுத்தினேன். கிளம்பின தூசியில் கூழ்த் தூக்கு மறைந்தே போச்சு.

இதை எழுதி முடித்து மடிக்கப் போனேன், அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு மகாளய அமாவாசை. இந்தக் கடிதத்தை உன் படத்துக்கு முன்னால் வாய்விட்டுப் படிக்கப் போகிறவள் கஸ்தூரி. அடிவாரத்தில் நின்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள். உறவுக்காரங்க முன்னால் அவள் வாயால் இந்த இடத்தைப் படிக்க வைத்தால் எனக்கு அடுத்த வேளைக் கூழ் கிடைக்காது.

அதனால் கேட்டுக்கொள் மாப்ள. ஏறினது சத்தியம். முருகன் மேலே, நம்ம ரேவதி தலை மேலே சத்தியம். இறங்கினதுதான் பொய். வண்டியை உருட்டிக்கொண்டு, ரெண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக நடந்து இறங்கினேன். மேலே இருந்து பார்த்தேன், பாதை கிணறு மாதிரி இறங்கியது. அது மட்டும் இல்லை. கீழே அவள் விரல் அளவுக்குத் தெரிந்தாள், கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு, அசையாமல். நானும் உருண்டு போய்விட்டால் அவள் யாரோடு சண்டை போடுவாள்?

நடந்து வந்தவனைப் பார்த்து, "வந்துட்டியா" என்றாள். என் கையிலிருந்து ஹேண்டில்பாரை வாங்கி, வூடு வரைக்கும் அவளே உருட்டிக்கொண்டு வந்தாள். நான் பின்னால் கூழ் குடித்துக்கொண்டே வந்தேன். அன்றைக்குச் சாயந்தரம் கொட்டாய்க்குள் போய் அவளே மாட்டுக்குத் தண்ணி காட்டினாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இறங்கவும் கற்றுக்கொள்வேன், ஆனால் கீழ்த் திருப்பத்திலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக, பிரேக் மேல் விரலை வைத்துக்கொண்டு. என் தங்கச்சி நிமிர்ந்து பார்க்கும்போது நான் எப்போதும் சைக்கிளோடு கீழே வந்து சேர்ந்திருப்பேன்.

உன் பொண்டாட்டிக்கு அண்ணன், உன் பொண்ணுக்குத் தாய்மாமன்,
உனக்கு எந்த ஊரிலும் மச்சான்
கோதண்டம்